குற்றக் கதையும் பெயர் மாற்றமும்

திரைப்படத்துக்கென ஒரு கொலைக் கதையை எழுதி முடித்தவர் அடுத்துச் செய்யவேண்டிய வேலை யாது? எழுதுகோலை வைத்துவிட்டுத் தயாரிப்பாளரைத் தேடிச் செல்வதே என்று பலர் எண்ணுவர். அத்துறையிற் பழகியோரைக் கேட்டால் வேறு விடை கூறுவர். முதற்பிரதி முடிந்த பின்னரே உண்மையான எழுத்து வேலை தொடங்குகின்றது என்பர். நிகழ்ச்சிகள் இடம் மாறும், சில அடியோடு நீங்கும், முடிவு வேறாகும். கதைமாந்தர் தம் பெயரையும் தொழிலையும் ஊரையும் இழந்து புதியன பெறுவர். இம்மாற்றங்கள் எதன் பொருட்டுச் செய்யப்படுகின்றன, எவ்வளவு மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பன பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

இஃதொரு சிறிய விடயம் என்று சிலர் கருதக்கூடும். பாத்திரத்துக்குக் கந்தையா என்று பெயரிட்டால் என்ன, முருகேசு என்று பெயரிட்டால் என்ன, கதை ஒன்றுதானே என்றும் கேட்கக்கூடும். காதற் கதைக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். குற்றக் கதைக்குப் பொருந்தாது. குற்றக் கதையிலே ஒருவர் மீது பழி சுமத்தப்படுகின்றது. அப்பழி யார் மீது, எவ்வளவு, எந்த நியாயத்தினாற் சுமத்தப்படுகின்றது என்பதே அக்கதையின் உயிர். பெயரை மாற்றும்போதும் நிகழ்ச்சியை மாற்றும்போதும் எழுத்தாளர் அந்தப் பழியையே இடம் மாற்றுகின்றார். ஆகவே தீர்ப்பு எழுதுவோருக்கு வேண்டிய கவனம் திருத்தி எழுதுவோருக்கும் வேண்டும். இதனை விளக்க, உலகப் புகழ்பெற்ற சில திரைப்படங்கள் எவ்வாறு உருமாறி வந்தன என்பதைப் பார்ப்போம்.

1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நியூ யோர்க் நகரிலே, ஒரு சஞ்சிகையின் கலைப்பகுதி ஆசிரியராகவிருந்த அல்பேட் சினைடர் என்பவர் தம் வீட்டிற் கொல்லப்பட்டார். கொள்ளையர் புகுந்து செய்த கொலை என்று தோன்றும்படி வீடு அலங்கோலமாக்கப்பட்டிருந்தது. விசாரணையிலே உண்மை வெளிவந்தது. அவருடைய மனைவி றூத் என்பவரும், பெண்களின் உள்ளாடை விற்பனைத் தொழில் செய்த ஜட் கிறே என்பவரும் கூடிச் செய்த கொலை அது. கணவன் அறியாதபடி அவர் பேரிற் காப்புறுதி எடுக்கப்பட்டிருந்தது. அக்காப்புறுதியிலே, எதிர்பாராத வன்முறையால் மரணம் நேரின் இரட்டிப்புப் பணம் கிடைக்கும் என்றொரு நிபந்தனையும் இருந்தது. 1928 ஜனவரியில் இருவரும் மின்சார நாற்காலியில் மரணதண்டனை பெற்றனர். பத்திரிகைகள் இவ்வழக்கைப் பக்கம் பக்கமாக எழுதின. தந்தை கொலையுண்டு, தாய் தண்டனை பெற்றுப் போக, ஒரு சிறுமி தனித்து நின்றாள்.

அக்காலத்தில் நியூ யோர்க்கிலே பத்திரிகையாளராகவிருந்த ஜேம்ஸ் கெயின் என்பவர், சில ஆண்டுகளின் பின்னர் இவ்வழக்கின் வித்திலிருந்து ஒரு குறுநாவல் எழுதினார். ‘டபிள் இன்டெம்னிற்றி’, அதாவது ‘இரட்டிப்பு இழப்பீடு’, என்ற அந்நூல் 1936இல் ஒரு வார இதழிலே தொடராக வெளிவந்தது. கெயின் செய்த மாற்றத்தை நோக்குங்கள். நியூ யோர்க் நகரம் கலிபோர்னியா ஆயிற்று. பத்திரிகைத் தொழிலாளரான கணவர் எண்ணெய்த் தொழிலைச் சேர்ந்தவரானார். எல்லாவற்றிலும் முக்கியமானது, காதலனின் தொழில் மாறியது. உள்ளாடை விற்றவர் போய், காப்புறுதி முகவர் ஒருவர் அவ்விடத்துக்கு வந்தார்.

இந்த ஒரு மாற்றத்தினாற் கதை முழுவதும் புதிதாயிற்று. உண்மை வழக்கிலே காப்புறுதிப் பணம் ஒரு நோக்கம் மட்டுமே. கெயினின் கதையிலோ, காப்புறுதி நிலையத்தை ஏமாற்ற முயல்வோரைப் பிடிப்பதற்கு உதவவேண்டிய ஒருவனே அந்த ஏமாற்றைத் திட்டமிடுகின்றான். வேலியே பயிரை மேய்கின்றது. தன் தொழிலறிவையே குற்றத்துக்குக் கருவியாக்கும் மனிதனை அங்கே காண்கின்றோம். அத்துடன், பெயர், ஊர், தொழில் ஆகிய மூன்றும் மாறிவிட்டமையால், தனித்து நின்ற அச்சிறுமியை எவரும் கதையிற் சுட்டிக்காட்ட முடியாது. கலைக்கும் நன்மை, உயிரோடு இருப்பவருக்கும் நன்மை. நல்ல திருத்தம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும்.

இக்கதையைப் படமாக்கும் முயற்சி எளிதில் நிறைவேறவில்லை. அமெரிக்கத் திரைப்படத் தணிக்கை அலுவலகத்தின் தலைவர் ஜோசப் பிறீன் 1935இலேயே இது திரைக்குத் தகாதது என்று தடுத்துவிட்டார். 1943இலேதான் வழி பிறந்தது. நெறியாளர் பில்லி வைல்டரும், துப்பறியும் நாவல்களாற் பெயர் பெற்ற றேமண்ட் சான்ட்லரும் கூடித் திரைக்கதை எழுதினர். 1944இல் படம் வெளிவந்தது. இவ்விருவரும் கதைமாந்தர் பெயர்களை மீண்டும் மாற்றினர். நாவலில் வோல்டர் ஹஃப் என்றிருந்த முகவர் திரையில் வோல்டர் நெஃப் ஆனார். பிலிஸ் நிர்ட்லிங்கர் என்ற பெண் பிலிஸ் டீட்றிக்சன் ஆனாள். கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரி கீஸ் என்பவரின் பெயர் மட்டும் மாறவில்லை. நூலிலே கண் தாண்டிச் செல்லும் பெயர், நடிகரின் நாவிலே இடறக்கூடும் என்பதைச் சொல்லிப் பார்த்தாலே உணரலாம்.

உரையாடல் பற்றியும் அங்கொரு படிப்பினை கிடைத்தது. கெயினின் உரையாடல்களை அப்படியே பயன்படுத்தலாம் என்று வைல்டர் எண்ணினார். சான்ட்லர் உடன்படவில்லை. அவை வாசிப்போரின் கண்ணுக்காக எழுதப்பட்டவை, கேட்போரின் செவிக்காக அல்ல என்றார். நடிகரைக் கொண்டு வாசிப்பித்துப் பார்த்தபோது சான்ட்லர் சொன்னதே சரியாயிற்று. நூலாசிரியரான கெயினும் அதனை ஒப்புக்கொண்டார். வானொலி நாடகம் எழுதும் நம்மவர் இதனை நெஞ்சில் இருத்துதல் நன்று.

பெயர் மாற்றத்திலும் ஆழமானது கதை மாற்றம். கெயினின் நூலிலே அந்தப் பெண் முன்னர் தாதியாக இருந்தவள். தன் பராமரிப்பிலிருந்த குழந்தைகளின் மரணத்துக்கும் காரணமானவள் என்பது பிற்பகுதியில் வெளிப்படும். திரைக்கதையிலே இப்பகுதி நீக்கப்பட்டது. கணவனின் முதல் மனைவியின் இறப்புப் பற்றிய ஐயம் மட்டும் எஞ்சியது. இதனால் விளைந்த பயனைச் சிந்தியுங்கள். அவள் பல கொலை செய்த அரக்கியாயின், அவளிடம் அகப்பட்ட முகவன் இரைபோல ஆகிவிடுகின்றான். நாம் அவனுக்காக இரங்கி அவன் குற்றத்தை மறந்துவிடுவோம். அப்பழைய கொலைகளை நீக்கியவுடன் இருவரும் மனிதராய் எதிரெதிரே நிற்கின்றனர். அவளும் தேர்ந்தாள், அவனும் தேர்ந்தான். பழி இருவர் தோளிலும் சமமாக ஏறுகின்றது. ஒரு நிகழ்ச்சியை வெட்டி எறிவதனாற் கதையின் நியாயம் இவ்வாறு நேராகவும் கூடும்.

முடிவையும் மாற்றினர். நூலிலே குற்றவாளிகள் இருவரும் கப்பலில் ஏறித் தப்பிச் சென்று, கடலில் வீழ்ந்து உயிர்விடத் துணிகின்றனர். சட்டத்தின் கையிலிருந்து தற்கொலையால் நழுவும் முடிவை அக்காலத் தணிக்கை விதிகள் விரும்பவில்லை. வைல்டர் வேறொரு முடிவைப் படம் பிடித்தார். முகவன் நஞ்சுவாயு அறையிலே மரணதண்டனை பெறுவதாகவும், கீஸ் வெளியே நின்று அதனைப் பார்ப்பதாகவும் அது அமைந்தது. பெருஞ் செலவில் எடுத்த அக்காட்சியையும் பின்னர் நீக்கிவிட்டார். இப்பொழுது படம் முடியும் இடம் காப்புறுதி அலுவலகத்தின் வாசல். குண்டடி பட்ட முகவன் தன் குற்றத்தையெல்லாம் குரற்பதிவுக் கருவியிற் சொல்லி முடித்து, வெளியேற முயன்று, வாசற்படியில் விழுந்துவிடுகின்றான். படம் முழுவதும் கீஸின் சுருட்டுக்குத் தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்து வந்தவன் அவன். அந்த வேளையிலோ கீஸ் குனிந்து அவனுடைய சிகரெட்டுக்குத் தீக்குச்சி கிழிக்கின்றார். தண்டனை என்னவாகும் என்று நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. தன்னை நம்பிய மனிதரின் முகத்தை அவன் பார்க்க நேர்ந்ததே. அதற்கு மேல் நஞ்சுவாயு அறை என்ன சொல்லப் போகின்றது? கதை எங்கே நிறைவு பெற்றதோ அங்கே நிறுத்துவதற்கு, எடுத்த காட்சியையும் விட்டுக்கொடுக்கும் துணிவு வேண்டும்.

அடுத்து, 1949இல் வெளிவந்த ‘தி தேர்ட் மான்’, அதாவது ‘மூன்றாம் மனிதன்’, என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். போர் முடிந்து நான்கு வல்லரசுகளின் ஆட்சியிற் பகுக்கப்பட்டிருந்த வியன்னா நகரமே அதன் களம். பெனிசிலின் மருந்தைத் திருடி, கலப்படஞ் செய்து விற்று, நோயாளரைக் கொல்லும் ஹறி லைம் என்பவனே குற்றவாளி. அவனைத் தேடிவரும் பழைய நண்பனே கதைத் தலைவன். எழுதியவர் கிரஹாம் கிறீன். நெறிப்படுத்தியவர் கரோல் றீட். திரைக்கதைக்கு முன்னர் அதனை ஒரு கதையாக எழுதிப் பார்த்த கிறீன், 1950இல் அக்கதையை நூலாக வெளியிட்டபோது, என்னென்ன மாறின, ஏன் மாறின என்பதை முன்னுரையில் விளக்கியிருக்கின்றார்.

கதைத் தலைவன் முதலில் றொல்லோ மார்ட்டின்ஸ் என்னும் ஆங்கிலேயன். அப்பாத்திரத்துக்கு ஜோசப் கொட்டன் என்ற அமெரிக்க நடிகர் வந்தார். றொல்லோ என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்றார். பெயர் மாறவேண்டும், ஆனால் அது சற்றே நகைப்புக்கிடமான பெயராகவும் இருக்கவேண்டும், ஏனெனில் அம்மனிதனின் அசட்டுத்தனத்துக்கு அப்பெயரே அடையாளம். ஆகவே ஹொலி மார்ட்டின்ஸ் என்ற பெயரைக் கிறீன் தெரிந்தார். பெயர் மாறியது, பெயர் செய்யவேண்டிய வேலை மாறவில்லை. பெயர் மாற்றுவோர் அனைவரும் பின்பற்றத்தக்க விதி இது. பழைய பெயர் கதையில் என்ன வேலை செய்து வந்ததோ, அதனைப் புதிய பெயரும் செய்கின்றதா என்று பார்க்கவேண்டும்.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. கிறீனின் கதையிலே லைமின் கூட்டாளிகளுள் ஒருவன் கூலர் என்னும் அமெரிக்கன். ஹறி லைமாக நடித்த ஓர்சன் வெல்ஸ் அமெரிக்கர் ஆதலால், ஒரு வில்லன் ஏற்கெனவே அமெரிக்கனாகிவிட்டான். மற்றவனும் அமெரிக்கனாக இருப்பது கூடாது என்று கருதினர். திரையிலே அவன் பொப்பெஸ்கு என்னும் றுமேனியன் ஆனான். அமெரிக்கருக்கு நீங்கிய பழி றுமேனியருக்குச் சென்றது என்று நாம் நகைக்கலாம். ஆனால் இங்கே எழுந்த கேள்வி நகைப்புக்குரியதன்று. தீயவனுக்கு எந்த நாட்டுப் பெயரை, எந்தக் குலத்துப் பெயரை, எந்த ஊர்ப் பெயரை இடுவது?

இதற்குத் தமிழிலே பழைய சான்று ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்திற் கோவலன் கொலையுண்ணக் காரணமானவன், அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன். அவனுக்குக் காப்பியத்திற் பெயர் இல்லை. தொழிலே அவன் பெயர். பின்னர் நடந்தது யாது? கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினந் தணியும் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. களவு செய்தவன் ஒருவன். உயிர் கொடுத்தவர் ஆயிரவர். குற்றவாளிக்குத் தனக்கென்று ஒரு பெயரும் முகமும் இல்லாதபோது, பழி அவன் இனத்தின் மேலே பரவும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமா? இன்று எழுதுவோரும் தம் படங்களிலே, நாடகங்களிலே திருடன் என்றால் ஒரே சமூகத்துப் பெயர், வட்டிக்காரன் என்றால் ஒரே ஊர்க்காரன், கொலைகாரன் என்றால் ஒரே மொழி பேசுபவன் என்று எழுதினால் அவ்வரசன் செய்ததையே காகிதத்திற் செய்கின்றனர். முதற்பிரதியிலே இது தம்மை அறியாமல் நிகழ்ந்துவிடலாம். திருத்தும்போது கண்டு நீக்காவிடின் அதற்கு மன்னிப்பில்லை.

‘மூன்றாம் மனிதன்’ படத்தின் முடிவைப் பற்றியும் ஒரு சொல். தன் நண்பனின் குற்றத்தை அறிந்த மார்ட்டின்ஸ், ஈற்றில் தானே அவனைச் சுட்டுக் கொல்லும்படி ஆகின்றது. நண்பனைப் புதைத்த நாளில், நண்பனைக் காதலித்த ஆனா என்ற பெண் மார்ட்டின்ஸின் கையைக் கோத்துக்கொண்டு நடந்து செல்வதாகக் கிறீன் எழுதியிருந்தார். றீட் அதனை ஏற்கவில்லை. புதைகுழி மூடிய கையோடு அவ்வாறு செல்வது பார்ப்போர் மனத்தைப் புண்படுத்தும் என்றார். படத்திலே மயானத்தின் நீண்ட மரச்சாலையில் ஆனா நடந்து வருகின்றாள். மார்ட்டின்ஸ் காத்து நிற்கின்றான். அவள் அவனைத் திரும்பியும் பாராமற் கடந்து போகின்றாள். அவ்வளவே. றீட் சொன்னதே சரி என்று கிறீன் தம் முன்னுரையில் மனமுவந்து எழுதினார். தீயவனே ஆயினும் ஓர் உயிர் போயிற்று. சுட்டவன் நல்லவனே ஆயினும் அதன் பாரம் அவனை விட்டு நீங்காது. இனிய முடிவு அப்பாரத்தை இறக்கி வைத்திருக்கும். திருத்திய முடிவு இறக்கவில்லை.

இனி, ஊர் மாறினாற் பெயரும் மாறவேண்டி வரும் என்பதற்கு ஓர் உதாரணம். றொபேட் புளொக் என்பவர் 1959இல் எழுதிய ‘சைக்கோ’ என்ற நாவலைத் தழுவி, ஜோசப் ஸ்ரெபானோ திரைக்கதை எழுத, அல்பிரட் ஹிச்கொக் 1960இற் படம் எடுத்தார். நாவலிலே பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணின் பெயர் மேரி கிறேன். அவள் டெக்சஸ் மாநிலத்திலே போர்ட் வேத் என்னும் நகரத்தவள். படத்திலே அவளுடைய ஊர் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரம் ஆயிற்று. பீனிக்ஸ் நகரிலோ மேரி கிறேன் என்ற பெயருடையோர் உண்மையாகவே வாழ்ந்தனர். அதனால் அவள் மேரியன் கிறேன் ஆனாள். ஓரிரு எழுத்துக்களே மாறின. ஆனால், வாழும் ஒருவரின் பெயருக்குக் களங்கம் நேராமற் காப்பதற்கு அது போதுமாயிற்று. ஊரை மாற்றியவர், பழைய பெயர் புதிய ஊருக்கு ஒத்துவருமா என்று மறுபடியும் சோதிக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அதே படத்திலே நோர்மன் பேட்ஸ் என்ற கொலைகாரனின் பெயர் மாறவில்லை, ஆள் மாறிவிட்டான். நாவலில் அவன் நாற்பது வயதுள்ள, பருத்த, குடிப்பழக்கமுள்ள மனிதன். திரையிலே மெலிந்த, கூச்சமுள்ள இளைஞன். நாவல் அவனோடு தொடங்குகின்றது; படமோ மேரியனோடு தொடங்கி, அவள் கொலையுண்ணும் வரை அவள் பக்கமே நம்மை நிறுத்திவைக்கின்றது. கொலை நிகழும்போது, எண்ணிக்கைக்கு ஒரு பிணம் விழுந்ததாக நமக்குத் தோன்றுவதில்லை. நம்முடன் இவ்வளவு நேரம் பயணம் செய்த ஒருத்தி மாண்டாள் என்றே தோன்றுகின்றது.

மாற்றம் எப்போதும் இலாபமே தரும் என்று கூற மாட்டேன். பற்றீசியா ஹைஸ்மித் 1950இல் எழுதிய ‘ஸ்றேஞ்சர்ஸ் ஒன் எ றெயின்’ என்ற நாவலை 1951இல் ஹிச்கொக் படமாக்கினார். புகையிரதத்திலே சந்திக்கும் இருவர் கதை அது. உன் பகையை நான் கொல்கிறேன், என் பகையை நீ கொல், எவரும் காரணம் காண மாட்டார் என்கின்றான் ஒருவன். நாவலில் அவன் பெயர் சார்ள்ஸ் அந்தனி புறூனோ. படத்திலே புறூனோ அந்தனி. மற்றவனான கை ஹேன்ஸ் நாவலிற் கட்டடக் கலைஞன். படத்தில் டென்னிஸ் விளையாட்டு வீரன். நாவலிலே கை அச்சுறுத்தலுக்கு அடங்கி, ஈற்றில் தானும் ஒரு கொலையைச் செய்துவிடுகின்றான். படத்திலே அவன் கொல்வதில்லை. படம் விறுவிறுப்பிற் குறைவற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நல்ல மனிதன் ஒருவன் அணுவணுவாகக் கொலைகாரனாவது எங்ஙனம் என்று நாவல் எழுப்பிய பெருங்கேள்வி திரையில் மங்கிவிட்டது. கதைத் தலைவனின் கையைச் சுத்தமாக வைத்திருக்க விரும்பும் திருத்தத்துக்கு இவ்விலை உண்டு. கொடுக்கலாமா என்பதை எழுதுபவர் அறிந்தே முடிவு செய்யவேண்டும்.

இப்படத்திலே வேறொரு நுட்பம் உண்டு. நாவலிற் கையின் உடைமையாய்ப் புறூனோவிடம் அகப்படுவது ஒரு நூல். படத்திலோ அது சிகரெட் பற்றவைக்கும் ஒரு லைற்றர். அதன் மேலே ஆன் என்ற காதலியின் முதலெழுத்தும் கை என்ற பெயரின் முதலெழுத்தும், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்ட இரு டென்னிஸ் மட்டைகளும் பொறிக்கப்பட்டுள்ளன. உரியவன் யார் என்பதைக் காட்டும் அந்தச் சிறு பொருளைக் கொண்டே ஈற்றில் வழக்குத் தீர்கின்றது. ஒருவேளை தயாரிப்பாளர் வந்து கதைத் தலைவனின் பெயரை மாற்றுங்கள் என்றிருந்தால், லைற்றரின் எழுத்தும் மாறவேண்டும். தொழிலை மாற்றுங்கள் என்றால், மட்டைகள் போகவேண்டும். பெயரும் தொழிலும் சான்றும் ஒரே நூலிற் கோத்த மணிகள். ஒன்றை உருவினால் மற்றவை உதிரும்.

இவற்றிலிருந்து, நம் நாட்டிலே மேடைக்கும் வானொலிக்கும் திரைக்கும் குற்றக் கதை எழுதுவோர் கொள்ளத்தக்க சில குறிப்புக்களைக் கூறுகின்றேன்.

முதலாவது, நிகழ்ச்சிகளைத் திருத்தி முடித்த பின்னரே பெயர்களைத் தொடுங்கள். கதையை ஈற்றிலிருந்து முதலுக்குப் பின்னோக்கி வாசியுங்கள். ஒவ்வொரு தடயத்துக்கும் நேரே, அது முதலில் எங்கே தோன்றியது, எவர் எப்பொழுது அறிந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காட்சியை வெட்டும்போது, அக்காட்சியில் ஒருவர் பெற்ற செய்தியும் வெட்டுப்படுகின்றது. ஆனால் பின்வரும் காட்சியிலே அவர் அச்செய்தியை அறிந்தவராகவே பேசிக்கொண்டிருப்பார். குற்றக் கதையிற் காணப்படும் ஓட்டைகளுட் பல இவ்வாறு உண்டானவையே.

இரண்டாவது, நம்மவர் பெயரிலே தந்தையின் பெயரும் அடங்கியிருக்கின்றது என்பதை மறவாதீர்கள். சின்னத்தம்பியின் மகன் இராசரத்தினம், சி. இராசரத்தினம் ஆவான். தந்தை பாத்திரத்தை வேலுப்பிள்ளை என்று மாற்றினால் மகன் வே. இராசரத்தினம் ஆகவேண்டும். காணி உறுதியிலும், மரணசாசனத்திலும், பொலிசாருக்குக் கொடுத்த வாக்குமூலத்திலும் முழுப்பெயர் வரும். உறுதியிலுள்ள தலைப்பெழுத்தைக் கொண்டு மோசடியைக் கண்டுபிடிப்பதாகக் கதை அமைந்திருந்தால், இச்சிறு தவறு கதை முழுவதையும் கவிழ்த்துவிடும்.

மூன்றாவது, நம் வீடுகளிலே பெயர் சொல்லி அழைப்பது குறைவு. அண்ணை, தம்பி, மாமி, வாத்தியார், விதானையார் என்றே அழைக்கின்றோம். ஆகையாற் பெயர் எங்கே முதலில் ஒலிக்கின்றது என்பதைத் திட்டமிடவேண்டும். தபாற்காரர் கூவலாம், நீதிமன்றத்திலே அழைக்கலாம், வைத்தியசாலைச் சீட்டைப் பார்த்து ஒருவர் வாசிக்கலாம். உறவுமுறையை மாற்றினால் அழைக்கும் சொல்லும் மாறவேண்டும். மாமனைச் சித்தப்பாவாக்கிவிட்டு, ஓரிடத்தில் மட்டும் மாமா என்று விட்டுவைத்தால், கேட்பவர் அதனை ஒரு தடயம் என்று எண்ணிக் காத்திருப்பார்.

நான்காவது, செவிக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்களை ஒரே கதையிற் சேர்க்காதீர்கள். கனகசபையும் கனகரத்தினமும் கனகலிங்கமும் ஒரே வீட்டில் இருப்பது வாழ்க்கையிலே இயல்பு. வானொலி நாடகத்திலோ கொன்றவர் எவர், கொலையுண்டவர் எவர் என்ற மயக்கம் உண்டாகும்.

ஐந்தாவது, உண்மை நிகழ்ச்சியைத் தழுவி எழுதுவோர் பெயரை மட்டும் மாற்றினாற் போதாது. ஊரும் தொழிலும் குடும்ப அமைப்பும் முன்போலவே இருப்பின், அயலவர் ஆளை அறிந்துகொள்வர். குற்றவாளிக்கும் குற்றமற்ற தாயும் பிள்ளையும் உண்டு. அவர்கள் கடைத்தெருவில் நடக்கவேண்டும், பாடசாலைக்குச் செல்லவேண்டும். சிறிய ஊர்களிலே வாழும் நமக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

நேயர்களே, இவ்வளவையும் மாற்றலாம் என்றேன். மாற்றலாகாதது ஒன்றும் உண்டு. குற்றக் கதையிலே தன் பக்க நியாயத்தைச் சொல்ல வாயற்றவர் ஒருவர் இருக்கின்றார். அவர்தான் கொலையுண்டவர். கொன்றவருக்குப் பேச்சு உண்டு. துப்பறிபவருக்குப் பேச்சு உண்டு. காதலிக்குக் கண்ணீர் உண்டு. ஒவ்வொரு திருத்தத்திலும் கதை விறுவிறுப்படையும்போது, மாண்டவர் மட்டும் மெல்ல மெல்லச் சுருங்கி, ஈற்றில் தரையிற் கிடக்கும் ஓர் உருவமாக ஆகிவிடுகின்றார். திருத்திய பிரதியைக் கையளிக்குமுன் அவருக்காக ஒரு தடவை வாசியுங்கள். அவருக்கு ஒரு பெயர் இருக்கின்றதா, அவர் இல்லாமற் போனதனால் எவருக்கேனும் நெஞ்சு வலிக்கின்றதா என்று பாருங்கள். வலிக்கின்றது என்றால், கதை எத்தனை முறை மாறியிருந்தாலும் அதன் நியாயம் மாறவில்லை.